தியேட்டரில் கை நனைத்த கதை

1

போன மாதம் எங்கள் கல்யாண நாள் வந்து போனது. முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். மகள் கயல்விழிதான் கணக்காக வைத்திருந்து, ஒவ்வொரு வருடமும் காலையில் போன் செய்து கத்துவாள். நியூசிலாந்தில் ஹாமில்டன் என்னும் இந்த ஊரில் மாதத்துக்கு ஒரு தமிழ்ப் படம் வந்தாலே அதிகம். வந்தாலும் ஒரு சனி, ஒரு ஞாயிறு, அவ்வளவுதான். இந்தத் தடவை கல்யாண நாளும் படமும் ஒரே சனிக்கிழமையில் விழுந்தன. கயலும், இரண்டு வருடமாக அவளோடு பழகுகிற டேனியலும் எங்களையும் சேர்த்து நான்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

இங்கே தியேட்டர் நாற்காலியில் ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் முதுகு கீழே போகும், கால் மேலே வரும். இவர், அதாவது என் வீட்டுக்காரர், உட்கார்ந்ததும் அதை அழுத்திவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். எனக்கு அது பல் டாக்டரிடம் போய்ப் படுத்த மாதிரி இருக்கும். நான் எப்போதும் ஓரத்து சீட்டில், முதுகு நிமிர்ந்து, வெளியே போகிற வழி கண்ணில் படும்படி உட்காருவேன். "படம் பாக்க வந்தியா, காவல் காக்க வந்தியா?" என்று இவர் கேட்காத நாளில்லை.

விளம்பரங்கள் ஓடின. கார், காப்பி, வீட்டுக் கடன். அதற்குப் பிறகு திடீரென்று திரையில் எங்கள் கயல். கடற்கரையில் நிற்கிறாள், டேனியலோடு சிரிக்கிறாள், எங்கள் வீட்டுக் கொல்லையில் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். கடைசியில் கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி, அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி: கயல், என்னைத் திருமணம் செய்துகொள்வாயா?

ஹாலில் எண்பது பேராவது இருந்திருப்பார்கள், பெரும்பாலும் நம்மவர்கள். விளக்கைப் போட்டார்கள். டேனியல் வழியில் சிந்திக் கிடந்த சோளப்பொரியின் மேலேயே முழங்காலிட்டு மோதிரப் பெட்டியைத் திறந்தான். அத்தனை பேரும் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பின்வரிசையில் ஒரு பையன் விசில் அடித்தான். கயல் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை ஆட்டி, "யெஸ்" என்றாள். கைதட்டல் அடங்க ஒரு நிமிடம் ஆனது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார்.

நான் தட்டவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். மோதிரம் போட நீட்டியது இடது கை. வலது கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. அந்தக் கையை நான் பார்த்தேன்.

டேனியல் என் காதருகே குனிந்து சந்தோஷமாகச் சொன்னான்: "நீங்கள் இருவரும் ஒரு தியேட்டரில்தானே சம்மதம் சொல்லிக்கொண்டீர்கள். கயல் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் நானும் தியேட்டரில் கேட்டேன்."

படம் ஓட ஆரம்பித்தது. பாதியில் 'இடைவேளை' என்று எழுத்து வந்து, ஒரு நொடி நின்று, மேலே ஓடியது. இந்த ஊரில் இடைவேளை என்பது வெறும் எழுத்துதான், யாரும் எழுந்திருப்பதில்லை. எழுந்து போகலாம் என்றிருந்தால் கயலைக் கூட்டிக்கொண்டு வெளியே போயிருப்பேன்.

2

கயல் நம்புகிற கதையை அவளுக்குச் சொன்னது நான்தான். பத்து வயதில் கேட்டாள்: "நீயும் அப்பாவும் எப்டி மீட் பண்ணீங்க?" கள்ளக்குறிச்சியில் ஒரு தியேட்டரில், ஊரெல்லாம் கலவரமாக இருந்தபோது, இரண்டு நாள் மாட்டிக்கொண்டோம், அப்பா எனக்குச் சோறு கொடுத்தார், கல்யாணம் ஆயிற்று என்றேன். பொய் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மையில் முக்கால் பங்கை விழுங்கிவிட்டுச் சொன்ன கதை அது. பள்ளிக்கூடத்தில் அதை எழுதிப் பரிசு வாங்கினாள். பிறகு எப்படித் திருத்துவது?

இப்போது உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் தியாகதுருகத்துக்குப் பக்கம். நான் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். முதலில் ஒரு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பிடித்திருந்தால் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். யாரும் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. நாசூக்கான வழக்கம்தான், நம் வீட்டில் நடக்காத வரைக்கும். அந்த முதல் கூட்டம் அம்மா ஆக்கி வைத்த வடை பாயசத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டு வண்டி ஏறியது. மூன்று மாதம் தெருவில் அதே பேச்சு. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அதனால் இரண்டாவது இடத்தைத் தியேட்டரில் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. அப்போதெல்லாம் பல பேர் அப்படிச் செய்தார்கள். கள்ளக்குறிச்சியில் மேட்னி ஷோ. அவர்களும் படம் பார்க்க வருவார்கள், நாங்களும் படம் பார்க்க வருவோம். சரிப்பட்டால் சரி, இல்லையென்றால் படம் பார்த்துவிட்டு வந்தோம், ஊருக்கு ஒன்றும் தெரியாது. கை நனைக்கிற வழக்கம் தியேட்டரில் பெண்ணின் பக்கம் திரும்பிவிடும். இடைவேளையில் மாப்பிள்ளையின் அம்மா முறுக்கும் கலர் சோடாவும் வாங்கி வந்து நீட்டுவார். பெண் வாங்கிச் சாப்பிட்டால் சம்மதம்.

கிளம்புகிற அன்று அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தோ பாரு அஞ்சல. புடிச்சா வாங்கிக்கோ. புடிக்கலன்னா வாங்காத. அதுக்கு மேல உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் எந்த அப்பாவும் கொடுக்காத வாக்கு அது. எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்துக் கடிதம் வந்திருந்தது. தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். மாப்பிள்ளை ராஜாவாகவே இருந்தாலும் வாங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன்.

இட ஒதுக்கீடு கேட்டுக் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. படிப்பிலும் வேலையிலும் எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று எங்கள் சாதிக்காரர்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் பத்தாவது தாண்டிய பெண்கள் நானும் இன்னொருத்தியும்தான். என் சித்தப்பா அந்தக் கூட்டங்களுக்கெல்லாம் முன்னால் போகிற ஆள். சாலை மறியல் மறுநாள்தான், இன்றைக்குப் பயப்படாமல் போய்வாருங்கள் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னது அவருக்குத் தெரிந்தவரை சரி. மற்ற ஊர்க்காரர்களுக்கு மறுநாள் வரைக்கும் பொறுமை இல்லை.

3

மாப்பிள்ளை வீட்டார் கச்சிராயபாளையத்துப் பக்கம், கல்வராயன் மலையடிவாரம். அங்கே போகிற பஸ் எப்போது வரும், எப்போது வராது என்று டிரைவருக்கே தெரியாது. அதனால் அந்த வீட்டுப் பெண்கள் பக்கத்து ஊருக்குப் போனாலும் கையில் சோறு கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். என் மாமியார் தெய்வானை அன்றைக்கு இரண்டு தூக்கு நிறையப் புளிச்சோறு கொண்டுவந்திருந்தார். அவருக்கு உடம்பும் பெரிசு, குரலும் பெரிசு.

பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் அவருக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். ஆண்கள் பக்கத்தைக் காட்டி, "தோ, மூணாவது தூணாண்ட, நீலச் சட்ட, அதான் எங்க ஏழுமல" என்றார். இவர் அப்போது ஐ.டி.ஐ. படித்துவிட்டுச் சின்னசேலத்தில் ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். இருட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு காதும் கொஞ்சம் முடியும்தான்.

இடைவேளை. சொன்னபடியே கலரும் முறுக்கும் வந்தன. சிவப்புக் கலர், பாட்டில் சில்லென்று இருந்தது. எனக்கு நல்ல தாகம்.

"வேணாங்க. தொண்ட கட்டிக்கினு இருக்குது" என்றேன்.

அவர் முகம் ஒரு நொடிதான் மாறியது. "அதுக்கின்னா, ஒடம்புதான முக்கியம்" என்று சொல்லிவிட்டு, முன் பெஞ்சில் இருந்த குழந்தையின் கையில் பாட்டிலைக் கொடுத்தார். அப்பாவுக்குத் தகவல் போயிற்று. அவர் ஆண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து சரி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்த இரண்டாம் பாதியைப் போல நிம்மதியாக நான் எந்தப் படமும் பார்த்ததில்லை. பயிற்சிப் பள்ளிக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

படம் முடிந்து எழுந்தபோது வாசலில் இழுப்புக் கதவைப் பாதி சாத்தியிருந்தார்கள். மேனேஜர் ஸ்டூல் மேல் ஏறி நின்று கத்தினார்.

"யாரும் வெளிய போவாதீங்க! சின்னசேலம் ரோடு, தியாகதுருகம் ரோடு, அல்லா ரோட்டுலயும் மரத்த வெட்டிப் போட்டுட்டாங்க. ஒரு பஸ்ஸு இல்ல. கடத்தெருவுல தடியடி நடக்குது. உள்ளயே இருங்க, கேட்டப் பூட்டறேன்."

பூட்டினார். இருநூறு பேர் உள்ளே. முதல் ஒரு மணி நேரம் திருவிழா மாதிரிதான் இருந்தது. பிறகு குழந்தைகள் அழ ஆரம்பித்தார்கள். சில ஆண்கள் கதவைப் பிடித்து ஆட்டினார்கள். கூட்டத்தை அடக்க மேனேஜருக்குத் தெரிந்த ஒரே வழி, அதே படத்தை மறுபடி போடுவது. மறுபடி, அதற்குப் பிறகு இன்னொரு தடவை. மூன்று தடவை பார்த்த அந்தப் படத்தின் கதையை இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. கதாநாயகி அழும்போதெல்லாம் ஹாலில் யாராவது ஒருத்தர், "நீ அழுது இன்னா ஆவப்போவுது, கேட்டத் தொற" என்று கத்தினார்கள். இரவு பெஞ்சுகளிலேயே படுத்து எழுந்தோம்.

வேண்டாம் என்று சொல்லிவிட்ட மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்தில், அவர் முழங்கை என் விலாவில் இடிக்க, நான் உட்கார்ந்திருந்தேன். எங்கே போவது? அவரும் எங்கே போவார்?

4

இதற்கு நடுவில் ஒரு அரசாங்க விஷயம் சொல்ல வேண்டும். இவர் வளைகுடாவில் சில வருடம் இருந்துவிட்டு, இங்கே பால் பண்ணை இயந்திரம் செய்கிற தொழிற்சாலைக்கு வந்தார். நான் பின்னால் வருவதற்கு விசா கேட்டபோது ஒரு படிவம் கொடுத்தார்கள். எங்கள் உறவு உண்மையானதா என்று நிரூபிக்க வேண்டுமாம். எங்கே சந்தித்தீர்கள், எப்போது சேர்ந்து வாழ முடிவு செய்தீர்கள், யார் முதலில் கேட்டது? நம் ஊரில் ஜாதகம் பார்க்கிறவர்கூட இவ்வளவு கேட்கமாட்டார்.

சந்தித்த இடம் சினிமா தியேட்டர் என்று இவர் எழுதிவிட்டார். நேர்காணல் செய்த அம்மாளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. என்னைத் தனியாக உட்கார வைத்து, என்ன படம் என்று கேட்டார். தெரியாது என்றேன். புருவத்தைத் தூக்கிக் குறித்துக்கொண்டார். இவரிடம் கேட்டபோது இவரும் தெரியாது என்றாராம். அந்த ஒற்றுமைதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

பிறகு அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டு, சிரித்த முகத்தோடு கேட்டார்: "எதனால் அவரைக் கல்யாணம் செய்ய ஒப்புக்கொண்டீர்கள்?"

எனக்கு அப்போது இருந்த ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாது. பொய்க்கு நிறைய வார்த்தை வேண்டும். நான் சொன்னேன்: "எனக்குப் பசித்தது."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். முத்திரை குத்தினார். போன மாதம் வரைக்கும் உண்மையை நான் சொன்ன ஒரே ஆள் அவர்தான், அவரும் அதை ஜோக் என்று எடுத்துக்கொண்டார்.

5

மறுநாள் காலையில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் ஓடவில்லை, குழாயில் தண்ணீர் இல்லை. கேன்டீனில் முந்தின நாள் சாயங்காலமே முறுக்குத் தூள்கூட மிச்சமில்லை. தகரக் கூரை காய்ந்து, உள்ளே ஒரே புழுக்கம். முந்தின நாள் காலை கூழ் குடித்துவிட்டுக் கிளம்பியதோடு சரி, எங்கள் மூன்று பேர் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு வயிற்றுப் புண். எங்கள் பெஞ்சுக்கு வந்து மடங்கி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பத்து மணி வாக்கில் தெய்வானையம்மாள் இரண்டாவது தூக்கைத் திறந்தார். முதல் தூக்கு முந்தின நாளே சுற்றியிருந்த பிள்ளைகளுக்குப் போய்விட்டது. புளியும் நல்லெண்ணெயும் வறுத்த வெந்தயமும் கலந்த அந்த வாசனை எழும்பியதும் நாலு பெஞ்சு திரும்பிப் பார்த்தது. அவர் அப்பாவிடம்தான் முதலில் நீட்டினார்.

"துன்னுங்கண்ணா. வயிறு காயுது பாருங்க."

"பரவால்லமா. நாங்க துன்னுட்டுதான் கெளம்பினோம்" என்றார் அப்பா. ஒரு நாள் முன்னால் கிளம்பியதை!

அம்மாவும் வேண்டாம் என்றாள். ஏன் என்று எனக்குத் தெரியும். அவர்கள் கையால் வாங்கினால் சம்மதம் என்று ஆகிவிடும். எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற இரண்டு பேரும் பட்டினி கிடந்தார்கள். அப்பா என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் இவர் ஆண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். நீலச் சட்டை கசங்கிப் போயிருந்தது. என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, பொண்ணு நேத்தே வேணாம்னுட்டாங்க. அது அத்தோட முடிஞ்சி போச்சி. இது வேற. இது பசிக்கு ஒரு வாய், அவ்ளோதான். இதுக்கு ஒன்னும் அர்த்தம் கெடயாது. நான் சொல்றேன், துன்னுங்க."

அப்பா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாமா?" என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பல வருடம் மாற்றி மாற்றி எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவின் வயிற்றுக்காகச் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வேன். தியாகம் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. உண்மை அப்படி இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அப்பாவும் தெரியவில்லை, பயிற்சிப் பள்ளியும் தெரியவில்லை. மந்தார இலையில் வைத்த சோறுதான் தெரிந்தது. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அள்ளி அள்ளித் தின்றேன். இலையை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்குதுங்களா?" என்று நானே கேட்டேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். எனக்குப் பதினொன்றாவதாக டீச்சர் வேலையும் பறந்துபோயிற்று.

அன்று பிற்பகல் கேட்டைத் திறந்தார்கள். வெட்டிப்போட்ட புளியமரங்களை ஏறி இறங்கி, அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, நடந்தே ஊர் வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு மரத்தின் மேல் சித்தப்பா உட்கார்ந்திருந்தார், கையில் அரிவாளோடு. "இன்னா, நேத்து வரலியா?" என்று கேட்டார். அப்பா நிற்காமல் நடந்தார்.

ரோடு சரியானதும் தெய்வானையம்மாள் பூவும் தட்டுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"பொண்ணு எங்க கையால ரெண்டு வாட்டி கேட்டு வாங்கித் துன்னுச்சே. ஊரே பாத்துச்சே. அப்புறம் இன்னா?"

ஊர் பார்த்ததுதான் உண்மை. தியேட்டரில் மாட்டிக்கொண்டவர்களில் எங்கள் பக்கத்து ஊர்க்காரர்களே இருபது பேர். இரண்டு நாள் ஒரே கொட்டகையில் அவர்களோடு இருந்துவிட்டு, சோறும் தின்றுவிட்டு, இனிமேல் வேறு யார் கேட்டு வருவார்கள் என்று அம்மா அழுதாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் வந்திருந்தார். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அதன் டயரையே பார்த்தபடி நின்றார். இதோ சொல்லப்போகிறார், இதற்கு அர்த்தம் கிடையாது என்று நான் வாக்குக் கொடுத்தேன் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

அப்பா உள்ளே வந்து, "நீ இன்னாமா சொல்ற?" என்றார். அவர் குரலில் இருந்த களைப்பைக் கேட்டு, "உங்க இஷ்டம்பா" என்றேன். எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று வெட்டிய மரங்கள்தான் எனக்குக் கிடைத்த இடத்துக்குக் குறுக்கே விழுந்தன. யாரைக் குறை சொல்வது?

இவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. என் அப்பாவின் கடைசி மாதத்தில் தூக்கிக் குளிப்பாட்டியது இவர்தான். நல்ல மனிதரிடம் மாட்டிக்கொள்வது இன்னும் கஷ்டம். யாரிடமும் போய்ப் புகார் சொல்ல முடியாது. இங்கே நான் ஒரு மழலையர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். டீச்சராக இல்லை. பக்கத்துச் சமையலறையில் குழந்தைகளுக்கு ஆப்பிள் நறுக்குகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சர் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது கேட்கும். ஏன் அன்றைக்குப் பேசாமல் நின்றாய் என்று இவரிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்தான்.

6

தியேட்டருக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, கயல் மட்டும் வீட்டுக்கு வந்தாள். மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். போனில் எண்பத்து மூன்று பேர் வாழ்த்து அனுப்பியிருந்தார்களாம்.

"கயலு, உனக்கு இஷ்டம்தான?" என்றேன்.

"எனக்கு டேனியல ரொம்பப் புடிக்கும்மா."

"நான் அதக் கேக்கல."

மோதிரத்தைச் சுற்றுவதை நிறுத்தினாள். "கல்யாணத்துக்கு இன்னும் ஒரு வருஷம் டைம் வேணும்னு அவன்கிட்ட சொல்லியிருந்தேன். மறந்துட்டான் போல. அங்க எல்லாரும் போனத் தூக்கிப் புடிச்சிட்டு இருந்தாங்க. நீ இருந்த, அப்பா அழுதாரு. எப்டிம்மா நோ சொல்றது?" பிறகு அவளாகவே சமாதானம் செய்துகொண்டாள். "பரவால்ல. உங்களுக்கும் தியேட்டர்லதான நடந்துச்சு. உங்களுக்கு நல்லாத்தான போச்சு."

அதற்குமேல் என்னால் விழுங்க முடியவில்லை. சொன்னேன். தலையணை உறைக்குள் இருந்த கடிதத்திலிருந்து சைக்கிள் டயர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். அவளுடைய தமிழுக்குப் புரியாத இடங்களில் நிறுத்தி, வேறு வார்த்தை போட்டுச் சொன்னேன். என்னால்தானே இவள் மாட்டிக்கொண்டாள், நான் சொன்ன அரைக்கதையால்தானே என்று அழுதேன்.

கராஜுக்குப் போகிற கதவு திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. இவர் புல் வெட்டுகிற இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அங்கேதான் இருந்திருக்கிறார். கையில் கிரீஸோடு வாசற்படியில் வந்து நின்றார்.

கயல் திரும்பி அவரைப் பார்த்தாள். நான் இத்தனை வருடம் கேட்காததை அவள் ஐந்து நொடியில் கேட்டுவிட்டாள்.

"அப்பா, இதுக்கு மீனிங் இல்லன்னு நீங்கதான ப்ராமிஸ் பண்ணீங்க? அப்புறம் ஏன் சும்மா நின்னீங்க?"

மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"சொல்லணும்னுதான் கூட வந்தேன். எங்கம்மா கெளம்பும்போது, நானும் வரேன்னு சைக்கிள எடுத்துக்கினு வந்ததே அதுக்குத்தான்." கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்கம்மா கதவாண்ட நின்னுக்கினு இருந்தா. பாத்தேன். வாயத் தொறந்தா இவ எனக்கு இல்ல. அதான் தொறக்கல."

"அப்ப அவங்களுக்குப் பசின்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும்."

கோபப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முன்னால் ஒரு பெரிய ஆயாசம் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருடம் நான் மட்டும்தான் அந்த உண்மையோடு பூட்டிக்கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் இவரும் அதையே வைத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

கயல் எழுந்தாள். மோதிரத்தைக் கழற்றவில்லை, ஆனால் கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"டேனியல்கிட்ட போறேன். மறுபடி கேக்கச் சொல்லப்போறேன். யாரும் இல்லாதப்ப. அப்புறம் எனக்கு யோசிக்க டைம் வேணும்னு சொல்லப்போறேன்."

வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்கப்போகும் கால அவகாசம் அவளுக்குக் கிடைக்குமா என்று தெரியாது. கேட்கவாவது போகிறாள்.

இவர் நின்ற இடத்திலேயே நின்றார்.

"அஞ்சல."

"ம்."

"அன்னிக்கு உன்ன நான் கேக்கல. எங்கம்மா கேட்டாங்க, உங்கப்பா கேட்டாரு. நான் கேக்கல." கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "இப்ப கேக்கறேன். உனக்கு என்கூட இருக்க இஷ்டமா?"

இந்த வயதில் இப்படி ஒரு கேள்வி. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வாய்க்கு வந்தது 'இன்னா பேச்சு இது' என்கிற வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இவர் கராஜுக்குப் போயிருப்பார். நானும் அடுப்பைப் பற்ற வைத்திருப்பேன்.

"யோசிச்சி சொல்றேன்" என்றேன்.

"சரி." ஒரு நிமிடம் கழித்து, "எத்தினி நாளு?" என்றார்.

"தெரியாது."

அதற்கும் சரி என்றார்.

இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இவர் காலையில் டீ போட்டு மேசையில் வைக்கிறார், ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கிறார், ஒன்றும் கேட்காமல் வேலைக்குக் கிளம்புகிறார். நான் டீயைக் குடிக்கிறேன், டம்ளரைக் கழுவி வைக்கிறேன், ஆப்பிள் நறுக்கப் போகிறேன். டீயைக் குடிப்பது பதில் ஆகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் பிகு செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். உண்மையாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.